ஐந்து மணிக்குத் தானே எழுந்துகொள்ளும் உன் கம்ப்யூட்டர்

சத்தம் போடாமலே என்னை மிரட்டி வைத்திருந்த என் ராஜிக்கு,

உன் கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது என்று சொல்லத்தான் நாலு நாளைக்கு முன் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். இப்போது அது சரியாகிவிட்டது, பயப்படாதே. நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். நடுவில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு முறைக்காதே. முறைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை என்பதுதான் இப்போது என் கஷ்டமே.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வேங்கிக்கால் வீடு அப்படியேதான் இருக்கிறது. கூடத்து ஜன்னலோரம் உன் டைப்பிங் மேஜை, அதன் மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் அந்தப் பெரிய ஸ்பீக்கர். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறவர்கள் திங்கட்கிழமை காலையில் இன்னும் ஒன்றிரண்டு பேர் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார்கள். "அக்கா இருக்காங்களா? ஒரு மனு டைப் அடிக்கணும்." ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னவனுக்கு இது ஒரு கஷ்டமா என்று நினைப்பாய். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் ஜைனக் குடும்பம், ஊரார் நம்மை நயினார் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், இருட்டிய பிறகு அடுப்பும் இல்லை, தட்டும் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இது சுலபம். பஸ்ஸில் இருப்பவனுக்கு? சாயங்காலம் ஐந்து மணிக்கு என் பஸ் செங்கத்தில் நிற்குமா, போளூரில் நிற்குமா என்று எனக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் பாதி நாள் பட்டினியாகத்தான் வீட்டுக்கு வந்து படுப்பேன். "ஒரு நாள் சாப்ட்டா என்னா ஆயிடும்" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். உனக்குத்தான் பொறுக்கவில்லை.

பௌர்ணமி நாட்கள் நினைவிருக்கிறதா? கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்துக்காக ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போடுவார்கள். நூறு பஸ் வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே பச்சை. அந்த நூறில் என் பஸ் எது என்று கண்டுபிடித்து, டிபன் பாக்ஸோடு வந்து நிற்பாய். முதல் தடவை நீ பண்ணிய கூத்து ஒன்று உண்டு. நான் உள்ளே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாய், கூட்டத்தின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றி பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாய். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. இது பஸ்காரன் பாஷை. டிரைவர் அண்ணன் பாட்டுக்கு வண்டியை எடுத்துவிட்டார். நீ ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் மூடியோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தாய்.

அதற்குப் பிறகு நீயே முடிவு செய்துவிட்டாய். மூன்று தட்டு. மூன்றுக்கு எங்கள் டிப்போவில் எந்த அர்த்தமும் கிடையாது, ஆகவே அதை உனக்கு எடுத்துக்கொண்டாய். டொக் டொக் டொக் என்று கேட்டால் டிரைவரே சொல்வார், "இறங்குய்யா, வூட்ல கூப்புடறாங்க." நான் உள்ளே இருந்து "இரு இரு, வந்துட்டேன் ராஜி" என்று கத்துவேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்து வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவேன்.

நான் ரிட்டையர் ஆன மறுவருஷம் உன் தொண்டையில் அந்த வியாதி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லியதாக ஒரு விசில் சத்தம் வரும். "முப்பது வருஷமா நான் ஊதினேன், இப்ப உன் முறை" என்று நான் ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன். நீ தோளைக் குலுக்கிச் சிரித்தாய். எனக்குத்தான் பாத்ரூமுக்குள் போய் அழ வேண்டியிருந்தது.

நான் சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். உன்னால் படி ஏற முடியாது, கூப்பிடவும் முடியாது. எனக்கோ வருஷக்கணக்கில் எஞ்சின் சத்தம் கேட்டு இடது காது மந்தம். போனை எப்போதும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறவன். அதனால் நீ மறுபடியும் அந்த டிபன் பாக்ஸ் மூடியை எடுத்தாய். கரண்டியால் மூன்று தட்டு. மாடிப்படி வழியாக மேலே வந்து சேரும். கொஞ்ச நாளில் அதற்கும் உன் கையில் தெம்பு இல்லாமல் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் நாலே முக்காலுக்கு என்னைக் கூடத்துக்கு இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாய். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. நீ கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாய். ஐந்து அடித்தது. யாரும் தொடாமல் அந்தப் பெட்டியில் விளக்கு எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, திரையில் வெளிச்சம் வந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும். ஸ்பீக்கரில் இருந்து டொக் டொக் டொக்!

"ஐயையோ, யாரு ஆன் பண்ணது?" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு கீபோர்டை இழுத்து ஒரு வரி டைப் அடித்துக் காட்டினாய்.

"அதுவேதான் ஆன் ஆச்சு. எனக்கு அப்புறமும் ஆகும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த மாதிரி பேச்சு பேசாத" என்று எழுந்துவிட்டேன். பேசவே முடியாதவளைப் பார்த்து பேசாதே என்று சொன்ன மடையன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அன்றைக்கு நீ எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கத்தான் கூப்பிட்டிருந்தாய். நான் கேட்காததால் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டி வைத்தாய். பிளக் சுவிட்ச் மேல் தனியாக ஒரு சீட்டு: "இதை மட்டும் அணைக்கக் கூடாது." கீழே இன்னொன்று: "தினமும் நீங்க வந்து கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாத்தான் மறுநாள் கூப்பிடும்."

உன் தந்திரம் அப்போது புரியவில்லை. மேலே நின்றபடி அணைத்துவிட முடியாத அலாரம் அது. கீழே இறங்கி வந்தே ஆக வேண்டும்.

நீ போன மறுநாளும் ஐந்து மணிக்கு அது அடித்தது. வீடு முழுக்க சொந்தக்காரர்கள். எல்லோரும் திடுக்கிட்டுப் போனார்கள். நம் பையன் நேமி ஓடிப் போய் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதான். அதன் பிறகு அவன் பெங்களூர் போய்விட்டான். நானும் அதுவும்தான் இங்கே.

இந்த ஐப்பசியில் மழை ஜாஸ்தி. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கரண்ட் போனது. உன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அறுபது வருஷமாக ஆகாயத்தைப் பார்த்து சாப்பாட்டு நேரம் சொன்னவன், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதை மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நீ கூப்பிடவில்லையே, அப்படியானால் இன்னும் நேரமாகவில்லை என்றுதான் தோன்றியிருக்கிறது. நீ கூப்பிட்ட பிறகுதான் சாப்பாட்டு நேரம். இருட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன் ராஜி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற பச்சையம்மாதான் அதைச் சொன்னாள்.

"இன்னா நயினாரே, இப்பல்லாம் உங்க வூட்ல லைட்டு போட்டப்பறம் டொக்கு டொக்குன்னு கேக்குது? அந்தச் சத்தம் வந்தாத்தான் நான் கரிய அவிக்கறது. ஒரு வாரமா இருட்டுல நின்னு தேய்ச்சுக்கினு இருக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குள் வந்து சுவர்க் கடிகாரத்தையும் கம்ப்யூட்டரையும் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம் வித்தியாசம். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அன்று ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. மறுநாள் ஐந்து மணிக்கு அது எழுந்துகொள்ளவில்லை. ஏழுக்கும் இல்லை. நானே பட்டனை அழுத்திப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஏதோ நாலு வரி ஆங்கிலத்தில் வந்து அப்படியே நின்றது.

நேமியிடம் போனில் சொன்னேன். "அப்பா, அது பழைய பொட்டிப்பா. போன்லயே அலாரம் வெச்சுக்கலாமே. நான் வேணா ஒரு நல்ல ஸ்மார்ட் வாட்ச் அனுப்பறேன்" என்றான். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. வாட்சுக்கு மூன்று தட்டத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவன் வழக்கம்போலக் கடைசியில் கேட்டான், "சாப்ட்டீங்களாப்பா?" நானும் வழக்கம்போலச் சொன்னேன், "சாப்ட்டேன்டா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்றால் நடுவில் பௌர்ணமி வந்துவிட்டது. உனக்குத் தெரியாதா, ஊருக்குள் ஆட்டோ விடமாட்டார்கள். இரண்டு நாள் மாடியில் நின்று தூரத்தில் போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்படி ஒரு அமைதி. நீ போன அன்றைக்குக்கூட இவ்வளவு அமைதி இல்லை, அன்றைக்குக் கூட்டம் இருந்தது. நீ வைத்துவிட்டுப் போன ஒரே சத்தமும் அழிந்துபோயிருந்தால் என்ன செய்வேன் என்று நடுநடுவே இறங்கி வந்து பட்டனை அழுத்திப் பார்த்தேன்.

நேற்றுதான் போனேன். நீ பிரிண்டருக்கு மை நிரப்பக் கொண்டு போவாயே, அந்த எழிலரசியின் கடை. ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு உன் மிஷினைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"வாங்க மாமா. இது அக்காவோடதாச்சே. இன்னா ஆச்சு?"

"கூப்பிடறத நிறுத்திடுச்சும்மா" என்றேன். அவள் விழித்தாள். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்து ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக ஒன்றை நெம்பி எடுத்தாள்.

"இந்த பேட்டரிதான் மாமா. கரண்ட் இல்லாதப்ப டைம் பாத்துக்கறது இதோட வேல. ரொம்ப நாளா வீக்கா இருந்திருக்கு. ஒவ்வொரு வாட்டி கரண்ட் போறப்பவும் கடிகாரம் நின்னு நின்னு போயிருக்கு. கடசில சுத்தமா செத்துப் போய் எல்லாத்தையும் மறந்துடுச்சு."

"எல்லாத்தையுமா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "மணியும், எப்ப முழிச்சுக்கணும்ன்றதும்தான் மாமா. அக்கா வெச்ச ஃபைலு டிஸ்க்ல பத்திரமா இருக்கும். இருங்க, போட்டே காட்டறேன்."

புது பேட்டரியைப் போட்டு, திரையை இணைத்து, அந்தச் சத்தத்தைத் தேடி எடுத்தாள். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டொக் டொக் டொக். எனக்குப் போன உயிர் வந்தது. "போதும்மா, நிறுத்திடு" என்றேன்.

"இன்னும் ஓடுது மாமா. முக்கால் நிமிஷம் இருக்கு."

ராஜி, அந்த முக்கால் நிமிஷத்தை நான் கேட்டதே இல்லை. நீ முதல் தடவை காட்டிய அன்று நான் போட்ட கூச்சலில் யாருக்கு என்ன கேட்டது? அப்புறம் எல்லா நாளும் நான் மாடியில். முட்டிவலியோடு படியில் இறங்கி வருவதற்குள் முடிந்துபோயிருக்கும். கடையில் நின்று நல்ல காதை ஸ்பீக்கரிடம் கொண்டு போனேன். மூன்று தட்டுக்குப் பிறகு எதுவும் இல்லை. பிறகு மெல்லிய விசில். மூச்சு. உன் மூச்சு. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. நீ யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறாய். பிறகு தூரத்தில், பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்து ஒரு ஆம்பிளைக் குரல்.

"இரு இரு, வந்துட்டேன் ராஜி."

பிறகு நீ கரண்டியைக் கீழே வைக்கிற சின்னச் சத்தம். அதோடு முடிகிறது.

"மாமா, இது உங்க குரலாச்சே" என்றாள் எழிலரசி. நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நீ பதிவு செய்கிறாய் என்று தெரியாமல், உண்மையாகவே என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்து நான் பின்கட்டில் இருந்து பதில் சொல்லியிருக்கிறேன். ஊருக்கே மனு அடித்து, ஒரு கமா ஜாஸ்தியாக இருந்தாலும் வெட்டி எறிகிறவள் நீ. இதை ஏன் வெட்டாமல் விட்டாய்? மறந்தா விட்டாய்? உன் மூச்சு எனக்கு இருக்கட்டும் என்றா? இல்லை, நான் சொன்ன பதில் உனக்கு வேண்டியிருந்ததா?

இப்போது அந்தக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷமாக உன் சத்தம் கேட்டு தினமும் கீழே இறங்கி வந்திருக்கிறேன், அது உண்மை. கம்ப்யூட்டரை அணைப்பேன். சமையலறைக் கதவு வரை போவேன். அடுப்பின் மேல் காலையில் செய்த சாதம் இருக்கும், ஒரே ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருக்கும். அதைப் பார்த்ததும் திரும்பி மாடிக்கே போய்விடுவேன். பாதி நாட்கள் அப்படித்தான். இருட்டிவிடும், இருட்டிய பிறகு சாப்பிடக் கூடாது என்ற நம் வழக்கமே எனக்குச் சாக்காக இருந்தது. கம்ப்யூட்டர் நேரம் தவறிய பிறகு அந்தச் சாக்கும் இல்லை, இருட்டிலேயே தின்றேன். மிச்ச சோற்றைக் காலையில் நாய்க்கு வைப்பேன். நேமியிடம் சாப்பிட்டேன் என்பேன். பச்சையம்மா சட்டையைத் தேய்த்துக் கொடுக்கும்போது, "துணிதான் விறைப்பா கீது, உள்ள ஆளக் காணோமே நயினாரே" என்பாள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

நான் படியில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், யாருமில்லாத கூடத்தில், தினமும் என் குரல் உனக்கு வந்துட்டேன் வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் வரவில்லை. கடையில் நிற்கும்போது எனக்கு அவமானமாக இருந்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எழிலரசி, "டைமிங் நானே செட் பண்ணிக் குடுத்துடறேன் மாமா" என்றாள். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. இன்று காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கல்யாணப் பத்திரிகையை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். ஆன் ஆகும்போதே டெலிட் பட்டனை விடாமல் தட்டு. நீலத் திரை வரும். பவர் என்று இருக்கிற இடத்துக்குப் போ. தினமும் என்று வை. மணி 17:00:00. கடைசியில் எஃப் பத்து பட்டன். இரண்டு தடவை தப்பாகப் போய் வெளியே வந்தேன், மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. பத்திரிகையின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய்: "பொழுது சீக்கிரம் சாயற கார்த்திகைக்கும் லேட்டா சாயற ஆடிக்கும் அஞ்சு மணி சரியா வரும். மாத்த வேண்டாம். சாதத்தை ஆற விடாதீங்க." இத்தனை நாள் நான் அதைப் படிக்கவே இல்லையே ராஜி.

இப்போது மணி நாலு ஐம்பது. இன்று மாடிக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாகவே மலை கொஞ்சம் தெரிகிறது, அது போதும். காலையிலேயே சாதம் வடிக்காமல் நாலு மணிக்கு வைத்தேன், சூடாக இருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பு, உன் அளவுக்கு வராது. தட்டைக் கம்ப்யூட்டர் மேஜைக்கே கொண்டு வந்துவிட்டேன். மேஜை மேல் சோறா என்று கத்துவாய், ஒரு நாளைக்குப் பொறுத்துக்கொள். வீடு காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் காலியாகத்தான் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஒன்று செய்கிறேன். இனிமேல் ஐந்து மணிக்கு முன்பே இங்கே உட்கார்ந்திருப்பேன். அந்தக் குரல் சொல்லும்போது அது பொய்யாக இருக்காது. நேமி கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன். இன்றைக்கு அவனிடம் இத்தனை நாள் சொன்ன பொய்யையும் சொல்லிவிடப் போகிறேன், திட்டட்டும்.

விளக்கு எரிகிறது ராஜி. உள்ளே ஃபேன் சுற்றுகிறது. நான் கையைக் கழுவிவிட்டேன், இனி எழுத முடியாது.

வந்துட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
அப்பாண்டை